அறிஞர் பாவ்லோவ்

வீட்டில் வளரும் நாய் ஒருநாள் திடீரெனச் சீறிப் பாய்ந்தால், அதற்குக் குணம் கெட்டுவிட்டது என்கிறோம். ஏரில் பூட்டிய எருது படுத்துக்கொண்டு எழ மறுத்தால், அதனைச் சண்டி என்கிறோம். இடியோசை கேட்டுக் கட்டிலின் அடியில் ஒடுங்கி நடுங்கும் நாயைக் கண்டு நகைக்கிறோம். இங்ஙனம் பெயர் சூட்டிய அளவிலே காரணத்தைக் கண்டறிந்துவிட்டதாகவும் எண்ணிக்கொள்கிறோம். சண்டி என்பது ஒரு பெயர். எருது ஏன் படுத்தது என்னும் வினாவுக்கு அது விடையாகாது. விலங்கின் அச்சத்திற்கும் சீற்றத்திற்கும் அதன் உடம்பிலும் பழக்கத்திலும் காரணம் உண்டு என்பதையும், அக்காரணத்தை அறிந்தவன் அவற்றைத் தணிக்கவும் கூடும் என்பதையும் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டிய பெருமக்களுள் ஒருவர் ஐவான் பெத்ரோவிச் பாவ்லோவ் என்னும் இரசிய அறிஞர்.

மாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே இரியாசான் என்னும் பழைய ஊர் ஒன்று உண்டு. அவ்வூரில் 1849-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் பாவ்லோவ் பிறந்தார். தந்தையார் பியோத்தர் திமித்ரியேவிச் கிறித்தவக் கோயிலில் பணிபுரிந்த பாதிரியார். பொருளில் எளியவர், ஆயினும் நூல்களில் பெருவிருப்புடையவர். எந்த நூலையும் இருமுறை படித்தல் வேண்டும் என்பது அவர் தம் மைந்தருக்கு இட்ட கட்டளை. தோட்ட வேலையில் தந்தையும் மகனும் ஒருங்கே மண் கொத்தினர். மண்வெட்டி பிடித்து உழைப்பதில் பாவ்லோவுக்கு இருந்த ஆர்வம் எண்பது வயதைக் கடந்த பின்னும் குறையவில்லை.

சிறு வயதில் அவர் உயர்ந்த இடத்திலிருந்து கல் தளத்தின்மீது விழுந்து நலிவுற்றார். அதனால் பள்ளியில் சேரும் காலம் தள்ளிப்போயிற்று. பதினோராம் வயதிலேதான் பள்ளிக்குச் சென்றார். இடைப்பட்ட காலத்தில் அண்மையில் இருந்த மடத்தின் தலைவராகிய அவருடைய ஞானத்தந்தை அவரைத் தம்மிடம் வைத்துப் பேணினார். பின்னர் அவர் குடும்ப வழக்கப்படி சமயக் கல்வி நிலையத்தில் பயின்றார். தந்தையைப் போலவே அவரும் பாதிரியாராவார் என்று சுற்றத்தார் எண்ணியிருந்தனர். ஆனால், செசெனோவ் என்னும் உடலியல் அறிஞர் மூளையின் மறிவினைகளைப் பற்றி 1863-ஆம் ஆண்டில் எழுதிய நூல் இளைஞராகிய அவர் கைக்கு எட்டியது. உள்ளத்தின் செயல் என்று நாம் கருதுவனவற்றையும் உடம்பின் செயல்போல ஆராயலாம் என்பது அந்நூலின் கருத்து. அக்கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. 1870-ஆம் ஆண்டில் அவர் சமயக் கல்வியை விடுத்துப் பீட்டர்ஸ்பர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சேர்ந்தார்.

ஆங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் சீயோன் என்னும் உடலியல் பேராசிரியர். அறுவைக் கலையில் வல்லவர். பாவ்லோவ் இயல்பாகவே இடக்கைப் பழக்கம் உடையவர். பயிற்சியினால் வலக்கையையும் அதற்கு இணையாக்கிக்கொண்டார். அறுவை செய்கையில் அவருடைய இருகைகளின் விரைவும் நுட்பமும் கண்டு உடனிருந்தோர் வியந்தனர். சீயோன் பதவி நீங்க நேர்ந்தபோது, அவருக்குப் பின் வந்தவரிடம் பணிபுரிய மாணவர் இசையவில்லை. அதனால் கையில் வந்த வேலையையும் விட்டுவிட்டு, 1876-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவ நிலையத்தின் உடலியல் பகுதியில் உஸ்திமோவிச் என்பவருக்குத் துணைவராகச் சேர்ந்தார். இரண்டாண்டுக் காலம் ஆங்குக் குருதியோட்டத்தை ஆராய்ந்தார்.

அந்நாளில் ஆராய்ச்சி செய்வோர் விலங்கைக் கட்டிப்போட்டு மயக்க மருந்தூட்டி, உடனே அறுத்துப் பார்ப்பது வழக்கம். அஞ்சியும் மயங்கியும் கிடக்கும் உடம்பு தன் இயல்பான நிலையை எங்ஙனம் காட்டும் என்று பாவ்லோவ் எண்ணினார். ஆதலின் நாய்களைப் பொறுமையோடு பழக்கி, அவை மேசைமீது தாமாகவே அமைதியாகப் படுத்திருக்கும்படி செய்து, அந்நிலையில் அவற்றின் குருதி அழுத்தத்தை அளந்தார். விலங்கின் மனநிலையை விலக்கிவிட்டு அதன் உடலை அறிய இயலாது என்னும் உண்மை, கால்நடை மருத்துவ நிலையத்து மேசையின் அருகிலேயே அவருக்குப் புலனாகத் தொடங்கியது எனலாம்.

1881-ஆம் ஆண்டில் அவர் செராபீமா என்னும் நங்கையை மணந்தார். இல்லறம் வறுமையில் தொடங்கியது. முதற் குழந்தை இறந்தது. நண்பர்கள் அவர் நிலைக்கு இரங்கிப் பணம் திரட்டித் தந்தபோது, அதனையும் ஆய்வுக்குரிய விலங்குகள் வாங்கச் செலவிட்டார் என்பர். இது போற்றத்தக்கதா என்று கேட்பார்க்கு, அவருடைய மனைவியாரையே கேட்டல் வேண்டும் என்பது என் விடை. போத்கின் என்னும் புகழ்பெற்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் அவர் பல்லாண்டு உழைத்தார். 1883-ஆம் ஆண்டில் இதயத்து நரம்புகளைப் பற்றிய ஆய்வுரையை முடித்தார். பின்னர் ஈராண்டு செர்மனி நாட்டில் பயின்று மீண்டார். 1890-ஆம் ஆண்டில் படைத்துறை மருத்துவக் கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டிலே பீட்டர்ஸ்பர்க்கின் ஆய்வு மருத்துவ நிலையத்தில் உடலியல் பகுதியை அமைத்துத் தலைமை ஏற்றார். வறுமை நீங்கும்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.

அதன் பின்னர் அவர் செரிமானத்தை ஆராய்ந்தார். நாய்க்கு அறுவை செய்து புண்ணை ஆற்றி, அது நலமுடன் உண்டு திரியும் காலத்திலே அதன் இரைப்பை நீரைச் சிறு குழாய் வழியாகப் பெற்று அளந்தார். உண்ட உணவு இரைப்பைக்குச் செல்லாமல் தொண்டை வழியிலேயே வெளியேறும்படி செய்தபோதும் இரைப்பை நீர் சுரந்தது. உணவு இரைப்பையைத் தொடுமுன்னரே நரம்புகள் அதற்குச் செய்தி சொல்லிவிடுகின்றன என்று இதனால் தெளிந்தார். இவ்வாராய்ச்சிக்காக 1904-ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசினைப் பெற்ற முதல் இரசியர் அவரே.

பரிசு பெற்ற ஆராய்ச்சியினும், அதனிடையே தோன்றிய ஓர் இடையூறே அவர் புகழை நிலைநாட்டியது. உணவை வாயில் இட்டால் நாய்க்கு உமிழ்நீர் ஊறும், இஃது இயல்பு. ஆனால், நெடுநாள் பழகிய நாய்கள் உணவு கொண்டுவரும் பணியாளரைக் கண்டாலும், அவர் காலடி ஓசையைக் கேட்டாலும் உமிழ்நீர் சுரந்தன. அளவு எடுப்போர்க்கு இது பெருந்தொல்லை. நாய் உணவை நினைத்து ஏங்குகின்றது, அதனால் ஊறுகின்றது என்று உடனிருந்த அறிஞர் ஒருவர் விளக்கம் தந்தார். பாவ்லோவ் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. நாய் நினைக்கின்றது என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் ஆராய வழியின்றிப் போகும். எந்த ஓசைக்குப் பின், எத்தனை நொடியில், எத்தனை துளி ஊறியது என்று எண்ணினால் ஆராய்ச்சி வளரும். ஆய்வுக்கூடத்தில் நாய் விரும்பியது, வெறுத்தது, எண்ணியது என்று பேசுவோரை அவர் கடிந்துகொண்டார்.

தாள ஒலி எழுப்பும் கருவி ஒன்றை ஒலிக்கச் செய்து, உடனே உணவு தந்தார். சிலமுறை இங்ஙனம் செய்த பின்னர், உணவு தராமல் ஒலியை மட்டும் எழுப்பினும் உமிழ்நீர் ஊறிற்று. மின்மணி, விளக்கொளி, தோலில் படும் தொடுகை எனப் பலவற்றைக் கொண்டும் இவ்வாறே செய்து பார்த்தார். மணியோசை ஒன்றினையே பயன்படுத்தினார் என்று பலர் எண்ணுவது பிழை. இயல்பிலே உள்ள மறிவினையோடு புதியதொரு குறிப்பு இணைந்து பிறக்கும் இதனை ஆக்கநிலை மறிவினை என்று வழங்குகிறோம். மறிவினை என்பது தூண்டுதலுக்கு மறுமொழியாக உடம்பு தானே செய்யும் செயல். 1903-ஆம் ஆண்டில் மாத்ரீத் நகரில் கூடிய மருத்துவர் பேரவையில் அவர் இதனை எடுத்துரைத்தார்.

மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்கது மற்றொன்றும் உண்டு. ஒலி எழுப்பி உணவு தராமலே பலமுறை விட்டால் உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். மறிவினை அழிந்துவிட்டது என்றே எவரும் நினைப்பர். ஆனால், சிறிது நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு மீண்டும் ஒலித்தால், நின்றுபோன உமிழ்நீர் திரும்பவும் ஊறுகின்றது. பழைய பழக்கம் அழியவில்லை. புதியதொரு தடை அதன்மேல் வந்து அமர்ந்திருந்தது. அத்தடை தளர்ந்தபோது பழையது தலைதூக்கியது. தணிந்துவிட்டதாகக் கருதிய அச்சம் ஒரு விலங்கினிடத்தே சில காலம் கழிந்து மீண்டும் தோன்றுவது ஏன் என்பதை இவ்வாய்வு விளக்குகின்றது.

பாவ்லோவின் ஆய்வுக்கூடத்திலே ஒரு நாய் இருந்தது. அது சாதுவானது, எவரோடும் எளிதில் பழகும். ஆனால் ஆய்வு மேடைமேல் ஏற்றி மெல்லிய வாரினால் பிணித்துவிட்டால் அதன் போக்கே மாறிவிடும். ஓயாமல் திமிறும், வாரைக் கடிக்கும், மூச்சிரைக்கும், இடைவிடாது உமிழ்நீர் வடிக்கும். மற்ற நாய்கள் சில நாளில் பழகிக்கொண்ட மேடையில் இந்த ஒன்று மட்டும் பழகவில்லை. பயனற்ற நாய் என்று அதனைக் கழித்துவிட்டிருக்கலாம். அடித்துப் பணியவைக்கவும் முயன்றிருக்கலாம். பாவ்லோவ் இரண்டையும் செய்யவில்லை. ஓடித் திரியும் உரிமையைப் பறிக்கும் எதனையும் எதிர்த்தல் உயிரின் இயல்பான மறிவினைகளுள் ஒன்று. இந்நாயினிடத்து அது மிகுதியாக இருக்கின்றது என்று கண்டார்.

பின்னர் ஒரு வழி வகுத்தார். அந்த நாய்க்கு உணவு மேடையின்மீது மட்டுமே தரப்பட்டது, வேறெங்கும் தரப்படவில்லை. தொடக்கத்தில் அது சிறிதளவே உண்டு உடல் மெலிந்தது. நாள் செல்லச் செல்ல உண்ணும் அளவு கூடியது. அளவு கூடக்கூடத் திமிறல் குறைந்தது. சில திங்கள் கழிந்தபின் அது மேடையில் அமைதியாக நின்றது. எந்த இடம் துன்பத்தின் குறியாக இருந்ததோ அதே இடம் உணவின் குறியாயிற்று. பசியால் மெலியவிட்ட அம்முறையை இக்காலத்துக் கால்நடை மருத்துவர் பின்பற்றுவதில்லை. ஆயினும், அஞ்சத்தக்கதோடு இனியதனை இணைத்து அச்சத்தை மாற்றும் நெறி அந்நாயின் வரலாற்றிலேயே தெளிவாகக் காணப்படுகின்றது.

மற்றொரு நாயின் வரலாறு துயரமானது. செங்கர் கிரெஸ்தோவ்னிகோவா என்னும் பெண்மணி அதனிடத்து ஆய்வு நடத்தினார். திரையில் வட்ட வடிவ ஒளி தோன்றினால் நாய்க்கு உணவு கிடைக்கும். நீள்வட்டம் தோன்றினால் கிடைக்காது. நாய் இவ்விரண்டினையும் எளிதிற் பிரித்தறிந்தது. முதலில் நீள்வட்டத்தின் நீளமும் அகலமும் இரண்டுக்கு ஒன்று என்னும் அளவில் இருந்தன. பின்னர் நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை ஒத்து வரச் செய்தார். ஒன்பதுக்கு எட்டு என்னும் அளவை எட்டியபோது நாய் தடுமாறியது. மூன்று வாரம் முயன்றும் தேறவில்லை. முன்னர் அறிந்திருந்த எளிய வேறுபாட்டையும் இழந்துவிட்டது. அதுவரை அமைதியாக நின்ற அந்த நாய் மேடையில் முனகியது, உடலை முறுக்கியது, தன்மேல் பொருத்திய கருவிகளைப் பல்லால் பிய்த்தது, ஆய்வறைக்கு அழைத்துச் சென்றாலே குரைத்தது.

அந்த நாயை எவரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. உண்ணலாம் என்னும் தூண்டுதலும், கூடாது என்னும் தடையும் ஒரே வேளையில் அதன் மூளையில் மோதின. அம்மோதலைத் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இந்நிலையைப் பாவ்லோவ் நரம்புத் தளர்ச்சி நோய் என்றே கொண்டார். மிக எளிய பாடத்திலிருந்து மீண்டும் தொடங்கி, விரையாமல் கற்பித்தபோது நாய் ஓரளவு தெளிவு பெற்றது. இன்று இவ்வரலாற்றைப் படிக்கும்போது என் உள்ளம் அந்த நாயின் பக்கமே செல்கின்றது. விளங்காத கட்டளையை மேலும் மேலும் கூறி, விளங்கவில்லை என்பதற்காகச் சினந்துகொள்ளும் வழக்கம் நம்மிடத்தும் உண்டு. நாய் வளர்ப்போரினும் ஆசிரியரிடத்தே அது மிகுதி.

1917-ஆம் ஆண்டில் இரசியாவில் புரட்சி எழுந்தது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் தொடர்ந்தன. நோபெல் பரிசாக வந்த பொருள் பறிபோயிற்று. ஆய்வுக்கூடத்தில் விறகும் விளக்கும் இல்லை. நாய்கள் பசியால் மாண்டன. முதியவராகிய பாவ்லோவ் காய்கறி பயிரிட்டு வயிறு வளர்த்தார். வெளிநாடு செல்ல அவர் இசைவு கேட்டபோது, அவரை இழக்க விரும்பாத அரசு 1921-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் லெனின் கையொப்பமிட்ட ஆணையின் வாயிலாக அவருடைய ஆய்வுக்கு வேண்டிய எல்லாம் தருமாறு பணித்தது. ஆயினும் அவர் நா அடங்கவில்லை. அரசின் செயல்களுள் தமக்குத் தவறெனத் தோன்றியவற்றை வெளிப்படையாகக் கண்டித்தார். பாதிரியாரின் பிள்ளைகள் என்பதற்காக மாணவர் சிலர் படைத்துறை மருத்துவக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டபோது, தாமும் பாதிரியாரின் மகனே என்று கூறித் தம் பேராசிரியர் பதவியைத் துறந்தார்.

1924-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23-ஆம் நாள், அப்போது லெனின்கிராது எனப் பெயர் மாறியிருந்த அந்நகரை நேவா ஆற்றின் வெள்ளம் சூழ்ந்தது. கடற்காற்று நீரை எதிர்த்துத் தள்ள, தெருக்கள் ஆறாயின. ஆய்வு மருத்துவ நிலையத்தின் நாய்க்கொட்டில்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மரங்கள் முறிந்து விழும் ஓசையும் அலைகள் சுவரில் மோதும் ஓசையும் எழுந்தன. பணியாளர் நாய்களைச் சிறுசிறு கூட்டமாக நீந்தச் செய்து, ஆய்வுக்கூடக் கட்டடத்துக்குக் கொணர்ந்து, மாடியில் ஒருங்கே அடைத்தனர். ஒன்றை ஒன்று கண்டால் உறுமிப் போரிடும் இயல்புடைய நாய்கள் அன்று பகை மறந்து, ஒலியின்றி ஒடுங்கிக் கிடந்தன.

வெள்ளம் வடிந்தது. நாய்களின் உடலில் காயம் இல்லை. ஆனால் அவற்றுள் சில, பல திங்களாகக் கற்றவற்றை எல்லாம் இழந்திருந்தன. சிறப்பாக ஒரு நாய் பாவ்லோவின் கருத்தைக் கவர்ந்தது. முன்னர் உரத்த மின்மணியே அதற்கு உணவின் வலிய குறியாக இருந்தது. வெள்ளத்திற்குப் பின்னரோ அம்மணியை ஒலித்தால் அது நிலைகொள்ளாமல் தவித்தது. உணவையும் ஏற்க மறுத்தது. ஆய்வாளர் அறைக்கு வெளியே இருந்து நாயைக் கவனிப்பதே அங்கு வழக்கம். அவ்வழக்கத்தை மாற்றி, அவர் அறைக்குள்ளேயே நாயின் அருகில் வந்து அமர்ந்தார். உடனே அதன் பழைய மறிவினைகள் மீளத் தொடங்கின. அவர் எழுந்து சென்றால் அவையும் மறைந்தன. அவருடைய ஆடையைக் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அறைக்குள் வைத்தபோதும் நாய் தேறுதல் பெற்றது. அவருடைய மணமே அதற்குத் துணையாயிற்று போலும்!

பல நாள் உழைத்து நாயை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்தனர். பின்னர், நோய் முற்றும் நீங்கியதோ என அறிய விரும்பி, அறைக் கதவின் கீழே சிறிதளவு நீரைக் கசிந்து வரச் செய்தனர். தரையில் சிறு குட்டைபோல நீர் தேங்கிற்று, அவ்வளவே. நாய் துள்ளி எழுந்தது, மேடையிலிருந்து இறங்க முயன்றது, மூச்சிரைத்தது. மீண்டும் கற்ற யாவும் மறைந்தன. அச்சம் அதனுள்ளே உறங்கிக்கொண்டிருந்ததே அன்றி இறந்துவிடவில்லை என்பது புலனாயிற்று.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். வெள்ளம் எல்லா நாய்களுக்கும் ஒன்றே. ஆனால் எல்லா நாய்களும் நோயுறவில்லை. ஒரே அச்சத்தைச் சில தாங்கின, சில தாங்கவில்லை. இதனைக் கண்ட பாவ்லோவ், நாய்களின் நரம்பமைப்பை வகைப்படுத்துவதில் மேலும் ஆழ்ந்தார். எழுச்சி மிக்கன, அமைதியும் உறுதியும் உடையன, சுறுசுறுப்பும் சமநிலையும் வாய்ந்தன, மெலியன என நால்வகை கூறினார். பிறவியும் வளர்ப்பும் கூடியே ஒரு விலங்கின் போக்கை அமைக்கின்றன என்பது அவர் முடிபு. லெனின்கிராதுக்கு அண்மையில் உள்ள கோல்துஷி என்னும் சிற்றூரில் அவருக்கென ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது.

நோயுற்ற நாய்களுக்கு அவரும் அவருடைய உடனுழைப்பாளராகிய பெத்ரோவா அம்மையாரும் மருத்துவம் செய்தனர். நீண்ட ஓய்வு அளித்தனர். கடினமான பயிற்சிகளை நீக்கினர். புரோமைடு என்னும் மருந்தையும் ஊட்டினர். ஒரு நாயைக் குணப்படுத்திய மருந்தளவு மற்றொன்றின் நோயை வளர்த்தது. மெலிய வகை நாய்க்கு மிகச் சிறிய அளவே போதும் என்பதைப் பிழைபட்டே கற்றனர். ஒரு நாய் மாடிப்படியின் விளிம்புக்கு வரவே அஞ்சிச் சுவரோரமாக ஒதுங்கி நடந்தது. அத்தகைய அச்சத்தையும் நோயாகவே கருதி மருந்தளித்தனர்.

நாய்களை அறுத்தும், நோயுறச் செய்தும் பெற்ற அறிவு இது. இதனை மறைத்துப் புகழ் பாடுதல் முறையாகாது. பாவ்லோவும் மறைக்கவில்லை. களிப்போடு திரிந்த உயிரை அறுவை மேடையில் கிடத்தும்போது தம் உள்ளம் வருந்துவதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மக்களின் நோய் தீர்க்க வேறு வழியில்லை என்பதே அவர் கூறிய அமைதி. அவ்வமைதியை ஏற்போரும் உளர், ஏலாதாரும் உளர். 1935-ஆம் ஆண்டில் உலக உடலியல் அறிஞர் பேரவை அந்நகரில் கூடியபோது, அவருடைய விருப்பப்படி ஆய்வு மருத்துவ நிலையத்தின் சோலையில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. பீடத்தின்மேல் ஒரு நாய் அமர்ந்திருக்கின்றது. சுற்றிலும் ஆய்வுக்கூடக் காட்சிகள் புடைப்போவியங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன.

அதற்கு அடுத்த ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள், நுரையீரல் அழற்சியினால் பாவ்லோவ் காலமானார். அப்போது அவருக்கு வயது 86.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் உல்பே என்னும் மருத்துவர், கூண்டிலே அச்சமுறச் செய்யப்பட்ட பூனைகளை ஆராய்ந்தார். அவை அந்த அறையிலேயே உண்ண மறுத்தன. ஆகவே அவ்வறையை ஒருசிறிதே ஒத்த வேறோர் இடத்தில் முதலில் உணவு தந்தார். அங்கே அஞ்சாது உண்ட பின்னர், இன்னும் சற்று ஒத்த இடத்திற்குக் கொண்டுசென்றார். படிப்படியாக அவை பழைய அறையிலும், இறுதியில் அதே கூண்டிலும் அச்சமின்றி உண்டன. இம்முறையை விரித்து 1958-ஆம் ஆண்டில் அவர் நூல் எழுதினார். மனிதரின் அச்ச நோய்க்கு வகுத்த அம்மருத்துவம் பின்னர் விலங்குகளுக்கும் வந்து சேர்ந்தது. விலங்கினிடத்தே பிறந்தது விலங்கினிடத்தே மீண்டது.

இந்நாளில் விலங்கின் நடத்தைக் கோளாறு கால்நடை மருத்துவத்தில் ஒரு தனிப் பிரிவாக விளங்குகின்றது. அமெரிக்க நாட்டில் 1993-ஆம் ஆண்டில் அது தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. சீறிக் கடிக்கும் நாயைக் கொணர்ந்தால், மருத்துவர் முதலில் அதன் பல், காது, மூட்டு ஆகியவற்றைச் சோதிப்பார்; வலி உள்ள இடத்தைத் தொடும் கையைக் கடித்தல் எவ்வுயிர்க்கும் இயல்பன்றோ? வீட்டில் கண்ட இடத்திலெல்லாம் சிறுநீர் கழிக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருத்தல் கூடும். நாள் முழுதும் லாயத்தில் தனித்து நின்று தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே இருக்கும் குதிரைக்கு, மேய்ச்சலும் ஓட்டமும் துணையும் இல்லாமையே நோயாகலாம். உடம்பில் குறையில்லை எனத் தெளிந்த பின்னரே பழக்கத்தை ஆராய்வார். எங்கே, எப்போது, எவர் முன்னிலையில் அது நிகழ்கின்றது, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று வினவுவார். பாவ்லோவ் துளிகளை எண்ணியதுபோல இவர் நிகழ்ச்சிகளை எண்ணுகின்றார்.

இடியோசைக்கும் வாணவெடிக்கும் நடுங்கும் நாய்க்கு, அவ்வோசையின் ஒலிப்பதிவை மிக மெல்லிதாக, நாய் சிறிதும் அஞ்சாத அளவில் ஒலிக்கச் செய்து, உடனே அதற்கு விருப்பமான உணவைத் தருவர். பல நாள் கழித்து ஒலியைச் சற்றே கூட்டுவர். நாயிடத்து அச்சக் குறி தோன்றினால் முன்னைய அளவுக்கே திரும்பிவிடுவர். விரைந்தால் நீள்வட்டம் கண்ட நாயின் கதியே இதற்கும் நேரும். அச்சம் மிகுந்து, கற்கும் ஆற்றலையே இழந்த விலங்குக்கு மருந்தும் உண்டு. பிரிவாற்றாது தவிக்கும் நாய்களுக்கெனக் குளோமிப்பிரமின் என்னும் மருந்தை 1998-ஆம் ஆண்டிலும், புளுவாக்செட்டின் என்பதனை 2007-ஆம் ஆண்டிலும் அமெரிக்க அரசு ஏற்றது. பயிற்சியோடு சேர்த்தே இவற்றை வழங்குதல் வேண்டும் என்பது நெறி. அடித்தலைத் தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்தக்கூடும். அதன் அச்சமோ பெருகும். உறுமல் என்னும் முன்னறிவிப்பை இழந்த அச்சம் நேரே கடியாக வெளிப்படும்.

மருத்துவமனையின் வாயிலைக் கண்டவுடன் காலை ஊன்றிக்கொண்டு உள்ளே வர மறுக்கும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். ஊசி குத்திய வலியோடு அவ்விடத்தின் மணமும் வெண்ணிற மேலாடையும் இணைந்துவிட்டன. இஃதும் ஆக்கநிலை மறிவினையே. ஆகவே, நோயில்லாத நாளிலும் நாயை அங்கே அழைத்துவரச் செய்து, ஊசியும் சோதனையும் இன்றி, உணவு மட்டும் தந்து அனுப்பும் வழக்கத்தை மருத்துவர் பலர் மேற்கொண்டிருக்கின்றனர். சோதனை செய்யும் நாளில், நாயை வளர்த்தவரை அதன் தலைமாட்டிலேயே இருக்கச் சொல்கின்றனர். வர இயலாதபோது, அவர் உடுத்திய ஆடை ஒன்றினைக் கொடுத்தனுப்பினாலும் அதனை நாயின் அருகில் விரித்து வைக்கின்றனர்.